கடல் கடந்த உத்தியோகம்: கையொப்பத்துக்கு முன் ஒரு கேள்வி

சென்ற மாதம் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர் நமது காரியாலயத்திற்கு வந்தார். இஞ்சினீயரிங் பரீக்ஷையில் தேறி, ஆறு வருஷ காலம் சென்னையில் வேலை பார்த்து அனுபவம் பெற்றவர். வளைகுடா நாடொன்றிலுள்ள ஒரு கம்பெனி அவருக்கு உத்தியோகம் அளிக்க முன்வந்திருந்தது. பத்திரிகைத் தொழிலில் இறங்குவதற்கு முன் நாம் வக்கீல் தொழில் நடத்தியதுண்டு என்பதை யாரோ சொல்லக் கேட்டு, ஒப்பந்தப் பத்திரத்தைக் காட்டிப் போகலாமென்று வந்ததாகச் சொன்னார். பத்திரம் ஒன்பது பக்கம். அவற்றுள் அவர் கருத்தூன்றிப் படித்திருந்தது ஒரே ஒரு வரியைத்தான். அது சம்பளத் தொகை கண்டிருந்த வரி. "மற்றதெல்லாம் வழக்கமான ஷரத்துகள்தானே, ஐயா?" என்றார்.

வழக்கமான ஷரத்துகள்தாம். ஆனால் அந்த வழக்கம் யாருடைய சௌகரியத்திற்காக ஏற்பட்டது என்பதை அவர் யோசிக்கவில்லை. அவருக்கு நாம் சொன்னதையே, அவரைப் போன்ற பல்லாயிரம் வாலிபர்களுக்கும், அவர்களை வழியனுப்பி வைக்கும் பெற்றோர்களுக்கும், பொதுவாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கும் இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

படித்த வாலிபர்கள் அன்னிய நாட்டுக்கு உத்தியோகம் தேடிப் போவது குறித்து நம்மவரிடையே இருவேறு அபிப்பிராயங்கள் உண்டு. தாய்நாடு படிப்பித்த அறிவை அன்னியனுக்கு விற்பது தேசத் துரோகம் என்பார் ஒரு சாரார். எங்கே அதிக சம்பளமோ அங்கே போவதுதான் புத்திசாலித்தனம் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நமக்குச் சம்மதமல்ல. கடல் கடந்து பொருள் தேடுவது தமிழருக்குப் புதிதன்று. அதில் குற்றமும் இல்லை. ஆனால் போகிறவன் எந்த நிலையில் போகிறான், சுதந்திர மனிதனாகவா, கட்டுண்டவனாகவா என்பது தேசம் கவனிக்க வேண்டிய விஷயம். அவன் தலைகுனிவு அவனோடு நிற்பதில்லை.

இரண்டு ஒப்பந்தங்கள்

இவ்விஷயத்தில் சரித்திரம் நமக்கு ஒரு தெளிவான பாடத்தை வைத்திருக்கிறது. 1893-ம் வருஷம் இந்தியாவிலிருந்து ஒரு வாலிப பாரிஸ்டர் உத்தியோக நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். தாதா அப்துல்லா கம்பெனியாருக்கு ஒரு வருஷத்துக்கு மேற்படாமல் வேலை. போகவர முதல் வகுப்புக் கட்டணம். சாப்பாடு, தங்குமிடச் செலவு நீங்கலாக 105 பவுன் ஊதியம். காந்தியடிகள் அயல்நாட்டுக்குப் போனது ஓர் உத்தியோக ஒப்பந்தத்தின் பேரில்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அவர் சென்ற நேட்டாலில் நம்மவர் ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே இருந்தனர். 1860-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து சென்று டர்பனில் முதலாவது கூட்டத்தை இறக்கியது. அவர்கள் கையிலும் ஒப்பந்தம் இருந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம்.

இவ்விரு ஒப்பந்தங்களுக்கும் பேதம் யாது? சம்பளம் என்று சட்டென்று பதில் சொல்லத் தோன்றும். உண்மையான பேதம் அதுவன்று. 1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, எஜமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியடிகளிடம் வந்து நின்றார். காந்தியடிகள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சாதாரண வேலைக்காரன் நோட்டீஸ் கொடாமல் வேலையை விட்டுப் போனால் எஜமானன் சிவில் வழக்குத்தான் தொடரலாம். ஒப்பந்தக் கூலி விட்டுப் போனாலோ அது கிரிமினல் குற்றம், சிறைவாசம்! பாலசுந்தரம் விடுபட இரண்டே மார்க்கங்கள்தாம் இருந்தன. கூலிகளின் பாதுகாவலர் என்ற உத்தியோகஸ்தர் ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய வேண்டும், அல்லது வேறொருவர் பேருக்கு மாற்ற வேண்டும். இன்றேல் எஜமானனே மனமிசைந்து விடுவிக்க வேண்டும். முடிவில் ஒப்பந்தம் மற்றொரு வெள்ளைக்காரர் பேருக்கு மாற்றப்பட்டது. பாலசுந்தரத்திற்குக் கிடைத்த நீதி, வேறொரு எஜமானன்!

அதற்கு மறு வருஷமே, ஒப்பந்த காலம் முடிந்த பின் தாய்நாடு திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தத்தில் இறங்காமலும் நேட்டாலில் தங்க விரும்புவோர் வருஷத்துக்கு 3 பவுன் வரி செலுத்த வேண்டுமென்று சட்டம் பிறந்தது. எஜமானன் இன்றி இந்தியனுக்கு அந்த மண்ணில் இடமில்லை என்பதே அதன் தாத்பரியம். அவ்வரியையும் எதிர்த்து நடந்த சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தவள் தில்லையாடி வள்ளியம்மை. அவ்வருஷமே வரி ஒழிந்தது. ஒப்பந்தக் கூலி முறையே 1917-ல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டு, 1920-க்குள் மடிந்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த வேலையை நான் நாளைக்கே விட்டால், அல்லது அது என்னை விட்டால், அந்த நாட்டில் நான் யார்? அங்கே இருக்கும் உரிமை என் கையில் இருக்கிறதா, எஜமானன் கையில் இருக்கிறதா? சம்பளக் கேள்வி இதற்கு அடுத்தபடி.

அமெரிக்க நிலைமை

இன்றைய கம்ப்யூட்டர் இஞ்சினீயரைப் பாலசுந்தரத்துடன் ஒப்பிடுவது மிகை என்று நேயர்கள் நினைக்கக்கூடும். வேலையை விட்டதற்காக அவரை யாரும் சிறையில் தள்ளுவதில்லை, உண்மை. ஆனால் சட்டத்தின் அமைப்பைப் பாருங்கள்.

அமெரிக்காவுக்கு நம்மவர் பெரும்பாலும் போவது எச்-1பி என்னும் அனுமதியின் பேரில். அதற்கு மனுச் செய்பவர் வேலை கொடுப்பவர். வேலை பார்ப்பவர் அல்லர். முதலில் மூன்று வருஷம், பிறகு மூன்று வருஷம் என்று சாதாரணமாக ஆறு வருஷமே வரம்பு. வேலை போனால் வேறு வேலை தேடவோ ஊர் திரும்பவோ 2017 முதல் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான ராஜ்யங்களிலோ காரணம் காட்டாமல், முன்னறிவிப்பும் இல்லாமல் ஊழியரை நீக்கலாம் என்பதே பொது விதி. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2022-லும் 2023-லும் பெரிய கம்பெனிகள் ஆட்களைக் கும்பல் கும்பலாக நீக்கியபோது, வீட்டுக் கடனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் உடைய நம்மவர் பலர் அந்த 60 நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தனர்.

நிரந்தர வாச உரிமை கிடைத்துவிட்டால் இக்கவலை இல்லையே என்று கேட்கலாம். அதற்கும் பொதுவாக எஜமானனே மனுச் செய்ய வேண்டும். அத்துடன் எந்த ஒரு தேசத்தாருக்கும் மொத்தத்தில் 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால், இந்தியாவில் பிறந்தவர்கள் பத்து வருஷத்துக்கு மேலாகவும் காத்திருக்கின்றனர். காத்திருக்கும் காலத்தில் பிள்ளைக்கு 21 வயது நிரம்பிவிட்டால் அவன் பெற்றோரின் அனுமதிக்குள் அடங்கமாட்டான். மனைவி எவ்வளவு படித்தவளாயினும், கணவனுடைய நிரந்தர வாச மனு ஒரு கட்டம் தாண்டும் வரை வேலை செய்ய இயலாது. அந்தச் சலுகையும் 2015-ல்தான் வந்தது.

பணக் கணக்கு ஒன்றும் இதில் இருக்கிறது. முதுமைக் காலப் பாதுகாப்புக்கென்று அமெரிக்க சர்க்கார் சம்பளத்தில் 6.2 சதவிகிதம் பிடித்துக்கொள்கிறது. எஜமானனும் அவ்வளவே செலுத்துகிறான். அதிலிருந்து ஓய்வூதியம் பெறப் பத்து வருஷ உழைப்பு வேண்டும். அனுமதியின் வரம்போ ஆறு வருஷம்! ஆறு வருஷத்தில் ஊர் திரும்புபவன் செலுத்தியது அங்கேயே தங்கிவிடுகிறது. ஜெர்மனியோடு நமது நாடு செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2017-ல் அமலுக்கு வந்தது. அமெரிக்காவோடு அத்தகைய உடன்படிக்கை ஏற்படவில்லை.

அங்கும் ஊழியனுக்குச் சாதகமான விதிகள் இல்லாமலில்லை. 2000-ம் வருஷத்துச் சட்டப்படி, புதிய எஜமானன் மனுத் தாக்கல் செய்தவுடனேயே அவனிடம் வேலை தொடங்கலாம். வேலை இல்லையென்று சம்பளமின்றி உட்கார வைப்பது சட்ட விரோதம். அனுமதிக் காலம் முடியுமுன் எஜமானன் நீக்கினால், ஊர் திரும்பும் பிரயாணச் செலவு அவனைச் சேர்ந்தது. சம்பள விகிதம் பற்றி எஜமானன் சர்க்காருக்குச் சமர்ப்பித்த பத்திரத்தின் நகலை வேலையில் சேரும் நாளுக்குள் ஊழியனுக்குத் தர வேண்டும். இவற்றை அறிந்து போகிறவர் எத்தனை பேர்? இந்த வாசல்கூட எப்போதும் ஒரே அகலத்தில் திறந்திருப்பதில்லை என்பதை, புதிய மனுக்களுக்கு ஒரு லக்ஷம் டாலர் கட்டணம் விதித்து 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி வெளியிட்ட பிரகடனம் காட்டியது.

வளைகுடா நாடுகளும் ஜெர்மனியும்

வளைகுடா நாடுகளில் நெடுங்காலம் வழங்கிவந்தது 'கஃபாலா' என்னும் முறை. ஊழியனுக்கு எஜமானனே ஜாமீன். அவன் சம்மதமின்றி வேறு வேலைக்குப் போக முடியாது. சில நாடுகளில் ஊருக்குப் புறப்படவும் முடியாது. சொல்லாமல் வேலையை விட்டவன்மீது எஜமானன் கொடுக்கும் புகாருக்குச் சவூதியில் 'ஹுரூப்', அதாவது ஓட்டம் என்று பெயர். நேட்டால் சட்டத்தைப் படித்தவருக்கு இச்சொல் புதிதாயிராது.

இக்கட்டுகள் சமீப வருஷங்களில் தளர்ந்திருக்கின்றன. கத்தார் 2020-ல் வேலை மாற எஜமானனுடைய சம்மதக் கடிதம் வேண்டியதில்லை என்று சட்டம் செய்தது. சவூதி 2021 மார்ச்சில், ஒரு வருஷம் வேலை செய்தவர் மாறிக்கொள்ள வழி திறந்தது. வீட்டு வேலைக்காரரை அதில் சேர்க்கவில்லை. ஐக்கிய அரபு நாடுகளில் 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம், ஆள் சேர்த்த செலவை ஊழியன் தலையில் கட்டக்கூடாது, அவனுடைய தஸ்தாவேஜுகளைப் பிடித்து வைக்கக்கூடாது என்கிறது. பாஸ்போர்ட்டு ஊழியனுடைய சொத்துமன்று, எஜமானனுடைய சொத்துமன்று. 1967-ம் வருஷத்துப் பாஸ்போர்ட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி அது இந்திய சர்க்காரின் சொத்து. அதை அலமாரியில் பூட்டி வைக்க எந்தக் கம்பெனிக்கும் அதிகாரமில்லை.

நம்மைப் பார்க்க வந்த வாலிபருக்கு உதவியது இன்னொரு விவரம். அவருடைய கம்பெனி அரபு நாட்டுக் கம்பெனி. அங்கே வேலை முடிவில் தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேற்பட்ட வருஷங்களுக்கு 30 நாள். ஆனால் கணக்கிடுவது மொத்தச் சம்பளத்தின் மேலன்று. அடிப்படைச் சம்பளத்தின் மேல். மாதம் 10,000 திர்ஹாமில் அடிப்படை 4,000 என்றும் மற்றவை வீட்டுப்படி, வண்டிப்படி என்றும் பிரித்தெழுதினால், ஐந்து வருஷ முடிவில் கிடைப்பது 14,000. அடிப்படையை 6,000 என்று எழுதியிருந்தால் 21,000. மாதச் சம்பளத்தில் ஒரு காசு வித்தியாசமில்லை. பேனா எங்கே நின்றது என்பதில்தான் வித்தியாசம். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்த இவ்விவரத்தை அவர் கவனித்திருக்கவில்லை.

ஜெர்மனியின் முறை வேறு. நீல அட்டை பெற்றுச் செல்பவர் முதல் பன்னிரண்டு மாதம் வேலை மாறினால் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். பிறகு அதுவும் வேண்டியதில்லை. 27 மாதத்தில், ஜெர்மன் பாஷையில் நடுத்தரத் தேர்ச்சி காட்டினால் 21 மாதத்திலேயே, நிரந்தர வாச உரிமை கேட்கலாம். அவ்வுரிமையை அவர் தம் உழைப்பாலும் படிப்பாலும் சம்பாதிக்கிறார். எஜமானன் தயவால் அன்று. சம்பளம் அமெரிக்காவைவிடக் குறைவு, வரி அதிகம் என்று பலர் ஜெர்மனியை ஒதுக்குகின்றனர். சுதந்திரத்திற்கும் ஒரு விலை உண்டு. அதையும் சம்பளத்தோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

தரகர்களும் சட்டமும்

1983-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, பதிவு பெறாத எவரும் அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக்கூடாது. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே என்று விதி வகுக்கப்பட்டது. லக்ஷக்கணக்கில் கேட்பவன் அப்போதே சட்டத்துக்குப் புறம்பானவன் ஆகிறான். ஆனால் புறப்படுமுன் பாதுகாவலர் அனுமதி பெற வேண்டுமென்ற ஏற்பாடு பத்தாவது வகுப்புத் தேறாதவர்களுக்கே. அதுவும் சில நாடுகளுக்கே. படித்தவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்று சட்டம் நினைக்கிறது.

தெரிகிறதா? 2022 செப்டம்பரில் இந்திய வெளிவிவகார இலாகா ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று ஆசை காட்டி, வாலிபர்களைக் கள்ளத்தனமாக பர்மாவின் மியாவடிப் பிரதேசத்துக்குக் கடத்திச் சென்று, இன்டர்நெட் மோசடி வேலையில் அடிமைகளாக வைத்திருந்த கும்பல்களைப் பற்றியது அது. மீட்கப்பட்டவர்களில் தமிழ் வாலிபர்களும் இருந்தனர். இவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர், படித்தவர்கள். சுற்றுலா விஸாவில் வேலைக்கு வா என்பவன் எவனாயினும் அவன் பேச்சைக் கேட்காதீர். தமிழ்நாட்டு சர்க்காருக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்க, தெருமுனைத் தரகனை நம்ப வேண்டிய அவசியம் என்ன?

கையொப்பமிடுமுன்

ஆகவே போகத் தீர்மானித்த வாலிபர் இவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம், வேறு எஜமானனிடம் மாறலாமா? சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமென்ற ஷரத்து உண்டா, அது உண்மையான செலவா, அச்சுறுத்தும் தொகையா? விலகிய பின் வேறு கம்பெனியில் சேரக்கூடாதென்ற தடை உண்டா? தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த நியாயஸ்தலம்? நமது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, எழுதிய தொகை எவ்வளவாயினும் நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் கிடையாது என்கிறது. 27-வது பிரிவு தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் ஒப்பந்தம் அன்னிய நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதென்று எழுதியிருந்தால் இவை துணைக்கு வாரா. இந்தியாவில் காட்டிய ஒப்பந்தமும் அங்கே இறங்கியதும் நீட்டும் ஒப்பந்தமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தமக்குத் தெரியாத பாஷையில் கையொப்பமிடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் திரும்புகாலுக்கும் வேண்டிய பணத்தைத் தனியே வைத்திருக்க வேண்டும். கடன்பட்டுப் போகிறவனுக்கு எஜமானன் இருவர்.

போய்ச் சேர்ந்த பின் காரியாலய வாழ்க்கை பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவரிடம் உழைப்பு உண்டு, அறிவு உண்டு. 'முடியாது' என்று மரியாதையாகச் சொல்லும் பழக்கம் மட்டும் குறைவு. மேலதிகாரி கேட்டதற்கெல்லாம் தலையசைத்துவிட்டு, ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் உழைத்து, உள்ளுக்குள்ளே புழுங்குவார்கள். ஜெர்மானியன் ஆறு மணிக்கு மேஜையைப் பூட்டிவிட்டுப் போகிறான். அவனை யாரும் சோம்பேறி என்பதில்லை. அங்கே ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை பார்க்கும் ஸ்தாபனங்களில் ஊழியர்கள் தங்கள் சபையைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு. இங்கிலாந்தில் தொழிற்சங்கத்தில் சேரலாம். நம்மவர் சம்பளம் போய்விடுமோ என்று ஒதுங்கி நிற்பது தவறு. அரபு நாடுகளிலும் சவூதியிலும் தொழிற்சங்கத்துக்கு இடமில்லை. அங்கே எழுத்துமூலமான ஆதாரமே துணை. வேலை நேரம், விடுமுறை, சம்பளச் சீட்டு எல்லாவற்றின் நகலும் கம்பெனிக்கு வெளியே நம் கைவசம் இருக்க வேண்டும்.

நம் கடமை

பொதுவாழ்வில் உள்ள அன்பர்களுக்கு இதில் வேலை இல்லையா? ஜில்லாவுக்கு ஒரு வக்கீலாவது வாரத்தில் ஒரு நாள் மாலை இத்தகைய ஒப்பந்தங்களை இலவசமாகப் படித்துச் சொன்னால், எத்தனை குடும்பங்கள் பிழைக்கும்! அமெரிக்காவுடன் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை வேண்டுமென்று சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் குரல் எழுப்ப வேண்டும். படித்தவனுக்குப் பாதுகாவல் வேண்டாம் என்ற எண்ணத்தை மாற்ற வேண்டும். படித்தவர்களும் ஒன்றை உணர வேண்டும்: பக்கத்து முகாமில் வெயிலில் கல் சுமக்கும் தமிழனுடைய விஸாவும் தம்முடைய விஸாவும் ஒரே சட்டத்தின் இரண்டு பக்கங்கள். அவனை விட்டுவிட்டுத் தாம் மட்டும் தப்பிவிடலாமென்பது நடவாத காரியம். 1893-ல் போன பாரிஸ்டருக்கு இது தெரிந்திருந்தது. ஒரு வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் அவர் முதல் வகுப்பில் ஊர் திரும்பியிருக்கலாம்.

அந்த வாலிபர் ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பி, மூன்று ஷரத்துகளை மாற்றக் கேட்டார். கம்பெனி இரண்டுக்கு இணங்கியது, மூன்றாவதற்கு இணங்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டே கையொப்பமிட்டுப் போயிருக்கிறார். அதுவே போதும். தெரிந்து இட்ட கையொப்பம் வேறு, தெரியாமல் இட்ட கையொப்பம் வேறு.

தலைப்பாகையைக் கையில் பிடித்து நின்ற பாலசுந்தரத்தைப் பார்த்துக் காந்தியடிகள் முதலில் செய்தது, அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னதுதான். வழக்கு அதற்குப் பிறகே. கடல் கடந்து போகும் ஒவ்வொரு தமிழ் வாலிபனுக்கும் நாம் சொல்லுவதும் அதுவே.